நாடகக் கையேடு: அச்சிடுவதா, கைபேசியில் தருவதா?

#1 நாடகக்குழு_செயலர்

வணக்கம். அடுத்த நாடகம் ஆறு முறை மேடையேறுகிறது. அரங்கில் 350 இருக்கைகள். ஓடும் நேரம் 2 மணி 10 நிமிடம், நடுவில் ஒரு இடைவேளை. மேடையில் 14 பேர், அதில் மூவருக்கு இரட்டை வேடம். மேடைக்குப் பின்னால் இருபது பேருக்கு மேல்.

இதுவரை 16 பக்கக் கையேடு அச்சிட்டுத் தருவதுதான் வழக்கம். இந்த முறை குழுவில் பாதிப் பேர் "க்யூஆர் குறியீடு ஒட்டிவிட்டால் போதும், தாளே வேண்டாம்" என்கிறார்கள். மற்றவர்கள் அதைக் கேட்கவே தயாராக இல்லை. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. எது நல்லது என்ற பொதுப் பேச்சைவிட, எதை எதில் போடுவது, எத்தனை படி, எங்கே கோளாறு வரும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 முகப்புக்கூடம்

பார்வையாளர் கையேட்டை எப்போது எடுத்துப் பார்க்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். உட்கார்ந்த பிறகு விளக்கு அணையும்வரை பத்துப் பதினைந்து நிமிடம். நாடகம் நடக்கும்போது "இவர் யார்?" என்று ஒரு நொடிப் பார்வை. இடைவேளை. பிறகு வீட்டில். இந்த நான்கு வேளைக்கும் தேவை வேறு வேறு.

முதல் வேளையில் அவர் தேடுவது மிகக் கொஞ்சம்தான்: யார் எந்தப் பாத்திரம், எத்தனை மணிக்கு முடியும், இடைவேளை உண்டா, கதை எந்தக் காலத்தில் நடக்கிறது. இரண்டாம் வேளையில் பாத்திரப் பட்டியல் மட்டும். இயக்குநர் குறிப்பு, கலைஞர் அறிமுகம், ஒத்திகைப் படங்கள் எல்லாம் இடைவேளைக்கும் வீட்டுக்கும் உரியவை. ஆக, முதல் இரண்டு வேளைக்குத் தாள், பின் இரண்டுக்குத் திரை என்று பிரித்தாலே உங்கள் குழுச் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

பட்டியலை அகர வரிசையில் போடாதீர்கள். மேடைக்கு வரும் வரிசையில் போடுங்கள். இருட்டில் ஒருவர் தேடுவது "இப்போது வந்தாரே அவர்" என்பதைத்தான்.

#3 விளக்குப்பலகை

ஒளி இயக்குபவர் தரப்பிலிருந்து ஒன்று. முழு இருட்டுக் காட்சி மாற்றத்தில் அரங்கில் நாலு கைபேசி திறந்திருந்தால் போதும், அந்த இருட்டு போச்சு. நடிகர் இடம் மாறுவது தெரியும், மேடைப் பொருள் நகர்த்துவது தெரியும். பக்கத்து இருக்கைக்காரரின் கண் இருட்டுக்குப் பழகியிருந்ததும் கெடும், மறுபடி பழகச் சில நிமிடம் ஆகும்.

"கருப்புப் பின்னணி வைத்துவிட்டோம்" என்பது முழுத் தீர்வு இல்லை. ஓஎல்இடி திரையில் கருப்புப் புள்ளிகள் உண்மையிலேயே அணைந்திருக்கும். எல்சிடி திரையில் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், கருப்பு வெளிறிய சாம்பலாகத் தெரியும். அதோடு, பக்கத்தை மூடியதும் வருவது வெள்ளை முகப்புத் திரை.

திரையில் மட்டும்தான் பாத்திரப் பட்டியல் என்றால், நாடகத்தின் நடுவே கைபேசியைத் திறக்கச் சொல்வது நீங்கள்தான். "கைபேசியை அணைக்கவும்" என்ற அறிவிப்பும் அதே வாயிலிருந்து வரமுடியாது.

#4 வலைநெய்வோன்

விளக்குப்பலகை சொல்வது சரி. ஆனால் அது திரையில் எதையும் தராதே என்பதற்கான காரணம் இல்லை, பட்டியலைத் தாளில் தா என்பதற்கான காரணம். மீதியைத் திரையில் வைக்கும்போது பெரும்பாலான குழுக்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: அச்சுக்குப் போன பிடிஎஃப் கோப்பை அப்படியே ஏற்றிவிடுவது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 பக்கம், அச்சுத் தரப் படங்களோடு 20 எம்பி. 300 பேர், கதவு திறந்து மணி அடிக்கும்வரை 15 நிமிடம், அதாவது 900 நொடி. 300 × 20 = 6,000 எம்பி. நொடிக்கு 6.7 எம்பி, ஒரு எம்பிக்கு 8 மெகாபிட் என்பதால் 53 மெகாபிட் வேகம் சராசரியாக வேண்டும். கூட்டம் சராசரியாக வருவதில்லை, கடைசி ஐந்து நிமிடத்தில்தான் குவிகிறது. தடித்த சுவருள்ள அரங்கில், ஒரே கோபுரத்தை எல்லோரும் பிடித்து இழுக்கும்போது இது நடக்காது. பாதிப் பேர் சுற்றும் வட்டத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள்.

அதையே சாதாரண வலைப்பக்கமாகச் செய்தால் 1 எம்பிக்குள் அடக்கலாம். அப்போது அதே கூட்டத்துக்கு 3 மெகாபிட்டுக்கும் குறைவு. எப்படி என்றால்: ஒரே நெடுவரிசை. படங்கள் 800 பிக்சல் அகலத்துக்கு மேல் வேண்டாம், வெப்பி என்ற சிறிய அளவுப் பட வடிவம், கீழே உருட்டும்போதுதான் இறங்க வேண்டும். தமிழ் எழுத்துருவைத் தனியாக இறக்க வைக்காதீர்கள், இன்றைய கைபேசிகளில் தமிழ் உள்ளேயே இருக்கிறது. காணொளி தானாக ஓடவே கூடாது. அமைதியான அரங்கில் திடீரென்று சத்தம் வந்தால் அந்தப் பார்வையாளருக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும்!

பிடிஎஃப் வேறு ஒரு துன்பமும் தரும். ஏ5 பக்கத்தில் 10 பாயின்ட் எழுத்து கைபேசி அகலத்துக்குச் சுருங்கினால் பாதிக்கும் கீழே போய்விடும். இரு விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்து இழுத்து யாரும் இயக்குநர் குறிப்பைப் படிக்கமாட்டார்கள்.

#5 நாடகக்குழு_செயலர்

க்யூஆர் குறியீட்டை இருக்கையின் முதுகில் ஒட்டலாமா, வாசலில் பெரிதாக வைப்பதா? போன முறை வேறொரு நிகழ்ச்சியில் பலருக்கு அது வேலையே செய்யவில்லை.

#6 வலைநெய்வோன்

வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் அளவு, பளபளப்பு, இணைப்பின் நீளம் ஆகிய மூன்றில் ஒன்று.

அளவுக்குப் பொதுவான கணக்கு, தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. கையில் வைத்து 30, 40 செ.மீ. தூரத்தில் பிடிப்பதற்கு 3 முதல் 4 செ.மீ. வாசலில் 2 மீட்டர் தள்ளி நின்று பிடிப்பதற்கு 20 செ.மீ.

இணைப்பு நீளமானால் கட்டங்கள் பெருகும், ஒவ்வொரு கட்டமும் சிறுக்கும். முகவரி 26 எழுத்துக்குள் இருந்தால், எம் என்ற நடுத்தரப் பிழைதிருத்த நிலையில் (கொஞ்சம் சேதமானாலும் படிக்கும்படி வைக்கும் அளவு), 25க்கு 25 கட்டத்தில் முடிந்துவிடும். சுற்றிலும் நான்கு கட்டம் வெற்றிடம் கட்டாயம். மொத்தம் 33 கட்டம், 3.3 செ.மீ. அளவில் அச்சிட்டால் கட்டம் ஒன்றுக்கு 1 மி.மீ. மங்கலான அரங்கு வெளிச்சத்தில் கேமரா திணறாமல் படிக்க அது போதும். அதே அளவில் 120 எழுத்து முகவரியைத் திணித்தால் கட்டங்கள் பொடிப்பொடியாகி, கை லேசாக நடுங்கினாலே படிக்காது.

கருப்பின் மேல் வெள்ளையாகத் திருப்பிப் போடாதீர்கள், சில செயலிகள் அதைப் படிப்பதில்லை. நடுவில் சின்னம் வைக்கும் ஆசை இருந்தால் எச் நிலைக்குப் போக வேண்டும். அது 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும், எம் 15 சதவீதம்தான் தாங்கும். ஆனால் எச் நிலை கட்டங்களைக் கூட்டும். சின்னமே இல்லாமல் விட்டால் நிம்மதி.

இன்னொன்று முக்கியம். இலவசமாகக் குறியீடு தரும் தளங்கள் பலவும் உங்கள் பார்வையாளரை முதலில் அவர்கள் முகவரிக்கு அனுப்பி, அங்கிருந்துதான் உங்கள் பக்கத்துக்குத் திருப்புகின்றன. சந்தா முடிந்த நாளில் அச்சிட்ட குறியீடு அத்தனையும் செத்துவிடும். உங்கள் சொந்தத் தள முகவரியையே குறியீட்டில் போடுங்கள். குறியீட்டுக்குக் கீழே அதே முகவரியைக் கையால் தட்டும்படி எழுத்திலும் போடுங்கள்.

அரங்கின் வைஃபையைத் திறந்துவிட்டால் இணைய வசதி தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். நுழைவுப் பக்கம் கேட்கும் வைஃபை என்றால், கைபேசி அதில் தொற்றிக்கொண்டு, கடவுச்சொல் போடும்வரை எதையும் திறக்காது. அதைவிட, நுழைவுச்சீட்டு வாங்கியவர்களுக்கு அன்று மதியமே இணைப்பை அனுப்பிவிடுவது மேல். பாதிப் பேர் வீட்டிலேயே படித்துவிட்டு வருவார்கள்.

இருக்கை முதுகில் ஒட்டுவதை அரங்கு நிர்வாகம் பெரும்பாலும் அனுமதிக்காது. பசை துணியில் தங்கிவிடும்.

#7 அச்சகத்தான்

தாள் பக்கம் நான் சொல்கிறேன்.

செயலர் கேட்ட அளவுக்கு 16 பக்கப் புத்தகம் தேவையில்லை. ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 அளவில் நாலு பக்கம். முன்பக்கம் நாடகப் பெயர், எழுதியவர், இயக்கியவர், ஓடும் நேரம், எச்சரிக்கைகள். உள்ளே இரண்டு பக்கம் பாத்திரங்களும் காட்சிகளும். பின்பக்கம் மேடைக்குப் பின்னால் உழைத்தவர்கள், நன்றி, குறியீடு. பின் அடிக்கவே வேண்டாம், செலவும் நேரமும் மிச்சம்.

புத்தகமாகத்தான் வேண்டும் என்றால் சென்டர் பின், அதாவது நடு மடிப்பில் கம்பிப் பின். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 18 பக்கத்துக்கு விஷயம் கொண்டுவந்தால் இரண்டு பக்கத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் இரண்டைச் சேருங்கள். இது கடைசி நாளில்தான் பலருக்குத் தெரியவருகிறது.

தாள்: ஆர்ட் பேப்பரில் படம் பளிச்சென்று வரும், ஆனால் அரங்கில் இரண்டு தொல்லை. தலைக்கு மேலே உள்ள விளக்கு அதில் பட்டுக் கண்ணடிக்கும், பக்கத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்க வேண்டும். இரண்டாவது, சத்தம். பளபளப்புத் தாள் புரட்டும்போது சரசரக்கும், மௌனக் காட்சியில் நாலாவது வரிசைவரை கேட்கும். பூச்சில்லாத 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 120 கிராம்) தாள் எடுங்கள். மடித்தால் நிற்கும், அடுத்த பக்கம் அதிகம் தெரியாது, சத்தம் குறைவு, பேனாவால் குறிப்பும் எழுதலாம். மேலட்டை தனியாக வேண்டுமானால் 200க்கு மேல் போகாதீர்கள். 170 தாண்டினாலே மடிப்புக் கோட்டில் கிரீசிங் போடாமல், அதாவது முன்பே அழுத்தித் தடம் போடாமல், மடித்தால் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். தாளின் நார் ஓடும் திசை மடிப்புக்கு இணையாக இருக்க வேண்டும் என்று அச்சகத்தில் சொல்லிவிடுங்கள்.

அளவு: எஸ்.ஆர்.ஏ.3 தாள் 320 × 450 மி.மீ. அதில் நாலு ஓரத்திலும் வெட்டுக்காக 3 மி.மீ. கூடுதல் விட்ட ஏ4 இரண்டு அடங்கும். ஆக 1,000 படிக்கு 500 தாள், அதோடு சேதாரத்துக்குக் கொஞ்சம்.

ஆஃப்செட்டா டிஜிட்டலா? ஆஃப்செட்டில் பிளேட் என்ற அச்சுத் தகடு போட்டு மையைச் சமப்படுத்துவதற்கே முதல் நூறு இருநூறு தாள் போய்விடும். அதன் பிறகு எவ்வளவு ஓட்டினாலும் படி ஒன்றின் விலை இறங்கிக்கொண்டே போகும். டிஜிட்டலில் முதல் படியும் ஆயிரமாவது படியும் கிட்டத்தட்ட ஒரே விலை. உங்கள் அளவுக்கு டிஜிட்டல்தான். காரணம் விலை மட்டும் இல்லை, இரண்டு தவணையாக அச்சிடலாம். முதல் இரண்டு நாளுக்கு மட்டும் போட்டு, எழுத்துப் பிழை தெரிந்தால் திருத்தி, மீதியை அப்புறம் போடுங்கள்.

#8 நாடகக்குழு_செயலர்

எத்தனை படி? 350 × 6 = 2,100 என்று குழுவில் சொல்கிறார்கள்.

#9 முகப்புக்கூடம்

இருக்கை எண்ணிக்கையை வைத்து அச்சிடாதீர்கள். 80 சதவீதம் நிறையும் என்றால் 1,680 பேர். சேர்ந்து வருபவர்கள் தடித்த புத்தகத்தை இருவருக்கு ஒன்று என்று பகிர்ந்துகொள்வார்கள். மடித்த ஒற்றைத் தாளை அவ்வளவாகப் பகிர்வதில்லை, பலர் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். உங்கள் வடிவத்துக்கு மூன்று பேருக்கு இரண்டு என்று வைத்தால் 1,120. கலைஞர்களுக்கும் பின்மேடைக்கும் ஆளுக்கு இரண்டு, 70. ஆவணத்துக்கு 10. ஆக 1,200.

அச்சகத்தான் சொன்னபடி முதலில் 500 மட்டும் அடியுங்கள். முதல் நாள் இரவு மீந்ததை எண்ணுங்கள். இருக்கையில் விட்டுப்போனதையும் எண்ணுங்கள், கசங்காதவை மறுநாளுக்கு ஆகும். அந்த எண்தான் அடுத்த தவணையைச் சொல்லும். இருக்கையில் முன்கூட்டியே வைத்துவிடுவதைவிடக் கதவில் கையில் கொடுப்பது கணிசமாக மிச்சப்படுத்தும். வேண்டாம் என்பவர் வாங்கமாட்டார்.

#10 எழுத்துரு

இரண்டு வடிவத்துக்கும் பொதுவான ஒரு தமிழ்ச் சிக்கல் இருக்கிறது, அதை யாரும் இன்னும் சொல்லவில்லை.

வடிவமைப்பாளர் பழைய குறியாக்க எழுத்துருவில் வேலை செய்கிறாரா, யூனிகோடிலா என்று முதல் நாளே கேளுங்கள். பழைய எழுத்துருவில் "கலை" என்பது கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளாகத்தான் கிடக்கிறது, எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் போடுகிறது. தாளில் அழகாக வரும். அதே உரையை வலைப்பக்கத்தில் ஒட்டினால் குப்பை எழுத்துகள். அப்போது யாரோ ஒருவர் இரவில் உட்கார்ந்து 35 பெயரையும் மறுபடி தட்டுவார், அங்கேதான் பெயர்கள் பிழையாகின்றன. எனவே பெயர்ப் பட்டியல் முதலில் யூனிகோடில் ஒரே கோப்பாக இருக்க வேண்டும். அச்சுக்கும் திரைக்கும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

யூனிகோடு என்றாலும் ஒரு பொறி உண்டு. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பத்தி அமைப்பை வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு மாற்றாவிட்டால் எழுத்துகள் கோத்துவராது. "கொற்றவை" என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு "க"வுக்கு முன்னால் வராமல் அதற்குப் பின்னால் தனியாக நிற்கும், "வை"யிலும் அதே கதி. ஓரத்தில் ஒரு புள்ளி வட்டமும் முளைக்கலாம். தமிழ் படிக்கத் தெரியாதவர் மெய்ப்பில் இதைப் பிடிக்கவே முடியாது. கொ, கோ, கௌ, னை, ஸ்ரீ, க்ஷ ஆகிய இவற்றை மட்டும் தேடிப் பார்க்க ஒருவரை நியமியுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் கடைசிப் படியில் எழுத்தைக் கோட்டுருவாக, அதாவது வெறும் வரைவடிவமாக, மாற்றிவிட்டால் அச்சகத்துக் கணினியில் எழுத்துரு இல்லையென்ற தொல்லை இல்லை. மாற்றாத கோப்பையும் தனியே வைத்திருங்கள். கோட்டுருவில் தேட முடியாது, திருத்தவும் முடியாது.

எழுத்தளவு: அரங்கு மங்கலில் தமிழுக்கு 11 பாயின்ட் கீழெல்லை. வரி இடைவெளி 16 கொடுங்கள். கொக்கியும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் ஆங்கிலத்துக்குப் போடும் இடைவெளி தமிழுக்கு நெருக்கும். நடிகர் பெயரையும் பாத்திரப் பெயரையும் பக்கத்தின் இரு ஓரத்துக்குத் தள்ளி நடுவில் புள்ளிக்கோடு இழுக்காதீர்கள், இருட்டில் கண் வரி மாறிவிடும். அடுத்தடுத்து வைத்து ஒன்றை மட்டும் தடித்த எழுத்தாக்கினால் போதும்.

#11 அச்சகத்தான்

எழுத்துரு ஐயா சொன்னதோடு ஒன்று. நாடகம் என்றாலே கருப்புப் பக்கத்தில் வெள்ளை எழுத்து போடும் ஆசை எல்லோருக்கும் வரும். நாலு நிறமும் சேர்ந்த கருப்பில் மெல்லிய வெள்ளை எழுத்து என்றால், நிறங்கள் இம்மி விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும், "ஞ", "ண", "ழ" உள்ளே அடைத்துப்போகும். தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உரை எழுத்துக்கு ஒற்றைக் கருப்பு 100 சதவீதம், வெள்ளைத் தாளில்.

#12 விரல்வாசிப்பு

பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கு இந்த விவாதமே வேறு மாதிரி. உங்கள் 11 பாயின்ட் தாள் எங்களில் பலருக்கு வெற்றுத் தாள்தான். நல்ல வலைப்பக்கம் இருந்தால் கைபேசி அதை வாசித்துக் காட்டும், எழுத்தை எவ்வளவும் பெரிதாக்கலாம். திரை வடிவத்தைக் கைவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் பக்கம் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசிப்பான் ஆங்கிலக் குரலில் தடுமாறும் அல்லது மௌனமாகிவிடும். தலைப்புகள் தலைப்பாகவே குறிக்கப்பட வேண்டும், வெறும் பெரிய எழுத்தாக இருந்தால் தாவிப் போக முடியாது. பாத்திரப் பட்டியலைப் படமாகப் போடவே கூடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவுக்குக் குறையக் கூடாது. அடர் சிவப்பின் மேல் கருப்பு எழுத்து நாடகத்துக்கு மிரட்டலாக இருக்கும், படிக்க இயலாது.

கைபேசி இல்லாதவர்களும் எங்களில் உண்டு. 18 பாயின்ட் பெரிய எழுத்துப் படி, ஏ4 அளவில், ஒவ்வொரு நாளுக்கும் பத்து வைத்திருங்கள். வடிவமைப்பு தேவையில்லை, சாதாரண அலுவலக அச்சுப்பொறியே போதும். அது இருக்கிறது என்று கதவில் நிற்பவர் தானாகச் சொல்ல வேண்டும், கேட்டால்தான் தருவோம் என்று மேசைக்கடியில் வைக்கக் கூடாது.

#13 விளக்குப்பலகை

எச்சரிக்கைகளையும் அப்படித்தான் நடத்த வேண்டும். மின்னும் விளக்கு, புகை, துப்பாக்கிச் சத்தம் மூன்றும் தாளிலும் திரையிலும் மட்டும் இருந்தால் போதாது. வாசலில் கண் மட்டத்தில் பலகை வைக்க வேண்டும். வலிப்பு உள்ளவருக்கு அந்தச் செய்தி இருக்கையில் உட்கார்ந்த பிறகு கிடைத்துப் பயனில்லை. எந்தப் பகுதியில் வருகிறது என்றும் எழுதுங்கள், உதாரணமாக "இடைவேளைக்குப் பின் இரண்டாம் காட்சி, சுமார் 20 நொடி".

#14 நாடகக்குழு_செயலர்

ஒரு நாள் நடிகர் மாறினால்? மாற்று நடிகர் இரண்டு பாத்திரத்துக்குத் தயாராக இருக்கிறார்.

#15 முகப்புக்கூடம்

தாளில் அதற்குப் பழைய வழிதான் நல்ல வழி: ஏ6 துண்டு. "இன்றைய நிகழ்வில் இந்தப் பாத்திரத்தை ஏற்பவர் இவர்" என்ற ஒரே வரி, 14 பாயின்ட், வெளிர் மஞ்சள் தாள். கையேட்டின் நிறத்திலிருந்து மாறுபட்டால்தான் கண்ணில் படும். ஒரு ஏ4 தாளில் நான்கு துண்டு, 350க்கு 88 தாள். உள்ளே செருகுவதற்கு ஒன்றுக்கு ஐந்து நொடி என்றால் ஒருவருக்கு அரை மணி, இருவருக்குக் கால் மணி. பாத்திரப் பெயர்கள் நிரப்பிய அச்சுக்கோப்பை முன்பே தயாராக வைத்திருங்கள், மாலை நான்கு மணிக்குச் செய்தி வந்தாலும் சமாளிக்கலாம். வாசலில் பலகை, தொடக்க அறிவிப்பில் ஒரு வரி, இரண்டும் சேர்த்து.

வலைப்பக்கத்தில் மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்கு யாரிடம் கடவுச்சொல் இருக்கிறது? வடிவமைப்பாளரிடம் மட்டும் இருந்தால் நடக்காது. மேடை மேலாளருக்கும் இன்னொருவருக்கும் கட்டாயம் இருக்க வேண்டும். பக்கத்தின் மேலே "இன்றைய தேதிக்குத் திருத்தப்பட்டது" என்று தேதி காட்டுங்கள்.

#16 ஆவணப்பெட்டி

அந்த ஒரு நிமிடத் திருத்தம்தான் எங்களைப் போன்றவர்களைக் கவலைப்பட வைக்கிறது. மேலெழுதிவிட்டால் நேற்று யார் நடித்தார் என்பது அழிந்துபோகும். நாடகம் மேடையில் முடிந்ததும் கரைந்துவிடும் கலை. அது நடந்தது என்பதற்கும், அதில் இவர்கள் இருந்தார்கள் என்பதற்கும் பல நேரங்களில் கையேடு ஒன்றுதான் சான்று. நூறு ஆண்டுக்கு முந்தைய நாடகத் தாள்கள் இன்றும் நூலகப் பெட்டிகளில் படிக்கும்படி இருக்கின்றன. ஐந்து ஆண்டுக்கு முந்தைய நாடகக் குழுப் பக்கங்களில் எத்தனை இன்று திறக்கின்றன என்று முயன்று பாருங்கள்.

செய்ய வேண்டியது பெரிதல்ல. ஒவ்வொரு நிகழ்வு முடிந்ததும் பக்கத்தை பிடிஎஃப்/ஏ வடிவில் சேமியுங்கள். அது நெடுநாள் காப்புக்கென்றே வகுத்த தர வடிவம், எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கும். கோப்புப் பெயரில் நாடகம், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. கூடவே வெறும் யூனிகோடு உரைக்கோப்பாகப் பெயர்ப் பட்டியல். இரண்டையும் இரண்டு வேறு இடத்தில் வையுங்கள்.

தாளில் பத்துப் படி ஒதுக்குங்கள். மடிக்காமல், பின் அடிக்காமல் இரண்டு வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டால் தருவார்கள். கம்பிப் பின் காலப்போக்கில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். மஞ்சள் துண்டுகளையும் அந்தந்தத் தேதியோடு கூடவே வையுங்கள், அதை எல்லோரும் தூக்கியெறிந்துவிடுகிறார்கள். கையேட்டில் ஆண்டைக் கட்டாயம் அச்சிடுங்கள். "மார்ச் 14, மாலை 6.30" என்று மட்டும் போட்டு ஆண்டை விடுவதுதான் எல்லாக் காலத்திலும் நடக்கும் பிழை.

#17 திரைச்சீலை

விற்பதா இலவசமா என்று யாரும் கேட்கவில்லையே? நியூயார்க் பிராட்வேயில் 1884-இல் தொடங்கிய பிளேபில் என்ற நாடகக் கையேடு விளம்பர வருவாயில் இலவசமாகவே போகிறது. லண்டன் வெஸ்ட் எண்டில் கையேடு விலைக்கு. இரண்டும் பல தலைமுறையாக ஓடுகின்றன, ஆனால் இரண்டும் வேறு வேறு பொருள். விலைக்கு என்றால் அது வீட்டில் வைத்துப் போற்றும் நினைவுப் புத்தகமாக இருக்க வேண்டும். எப்படியிருந்தாலும் நடிகர் பட்டியலுக்கு விலை வைக்காதீர்கள், அது தனித்தாளாக இலவசமாகவே போகட்டும்.

விளம்பரம் தருபவர் பெரும்பாலும் தாளைத்தான் கேட்பார். நாலு பக்கத் தாளில் அதற்கு இடமில்லை. பின்பக்கத்தின் அடியில் ஒரு பட்டை, அவ்வளவே.

#18 எழுத்துரு

உரிமைகளையும் பாருங்கள். உரிமம் பெற்று நடத்தும் நாடகம் என்றால் ஆசிரியர் பெயர், மொழிபெயர்ப்பாளர் பெயர் எந்த இடத்தில், தலைப்போடு ஒப்பிட எந்த அளவில் வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கலாம். அது திரை வடிவத்துக்கும் பொருந்தும். ஒத்திகைப் படம் எடுத்தவர் அச்சுக்கு மட்டும் அனுமதி தந்திருந்தால் வலைக்குத் தனியாகக் கேளுங்கள். பாட்டு வரிகளுக்கும் அப்படியே.

கலைஞர் அறிமுகம் தாளில் சில நூறு பேர் கையோடு நின்றுவிடும். வலையில் தேடுபவர் எல்லோருக்கும் கிடைக்கும். குழந்தை நடிகர்கள் இருந்தால் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், பள்ளிப் பெயரைப் போடாதீர்கள்.

மெய்ப்பு பார்க்கும்போது ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே பார்த்துக் கையெழுத்திடட்டும். முதலெழுத்துப் புள்ளி, ர-ற, ன-ண எல்லாம் அவரவருக்குத்தான் தெரியும். ஒத்திகை நாளில் சுவரில் தாளை ஒட்டி ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிட்டால் ஒரே மாலையில் முடிந்துவிடும்.

#19 நாடகக்குழு_செயலர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறோம். ஏ4 நடுவில் மடித்த தாள், பூச்சில்லாத 120 ஜி.எஸ்.எம்., டிஜிட்டலில் முதல் தவணை 500. உள்ளே பட்டியல் மேடைக்கு வரும் வரிசையில். வலைப்பக்கம் 1 எம்பிக்குள், பெரிய எழுத்துப் படி நாளுக்குப் பத்து, மஞ்சள் துண்டுக்கான கோப்பு தயார்.

ஒரு ஐயம் மிச்சம். இரட்டை வேடம் மூன்றில் ஒன்று கதையின் திருப்பம். பட்டியலில் அந்த நடிகரின் பெயருக்கு எதிரே இரண்டாவது பாத்திரத்தைப் போட்டால் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

#20 வலைநெய்வோன்

அங்கேதான் திரை கைகொடுக்கும். தாளில் முதல் பாத்திரம் மட்டும். பின்பக்கம் "முழுப் பாத்திரப் பட்டியல் நாடகம் முடிந்தபின் வலைப்பக்கத்தில்" என்று ஒரு வரி. பக்கத்தில் அந்தப் பகுதி இரவு குறித்த நேரத்துக்குத் திறக்கும்படி வையுங்கள். தொடக்கம் தாமதமாகலாம், ஆகவே முடியும் நேரத்துக்கு மேல் 20 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். கடைசி நிகழ்வுக்குப் பிறகு பூட்டையே எடுத்துவிடுங்கள்.

#21 ஆவணப்பெட்டி

சேமிக்கும் பிடிஎஃப்/ஏ படியை அந்தப் பகுதி திறந்த பிறகு எடுங்கள். முன்னால் எடுத்தால் அந்த இரண்டாவது வேடம் எந்த ஆவணத்திலும் இருக்காது.

#22 அச்சகத்தான்

செயலர் அவர்களே, கோப்பு அனுப்பும்போது பக்கங்களைத் தனித்தனியாக 1, 2, 3, 4 என்று அனுப்புங்கள். நீங்களே 4-ஐயும் 1-ஐயும் பக்கத்தில் பக்கம் ஒட்டி அனுப்பினால் நடுக்கோட்டில் 3 மி.மீ. கூடுதல் சேர்ந்து மடிப்பு விலகிவிடும். அச்சிடுமுன் ஒரு வெள்ளைத் தாளை மடித்து, நாலு பக்கத்திலும் என்ன வருகிறது என்று பென்சிலால் எழுதி, அந்த டம்மியின் படத்தையும் கோப்போடு அனுப்புங்கள்.